வெள்ளிக்கிழமை மஞ்சள் பை

அரசுப் பள்ளியில் மதியச் சத்துணவு முட்டையோடு கிடைக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் ஐந்தாம் வகுப்பு வரை உண்டு. ஆனால் வெள்ளி மதியம் சாப்பிட்ட பிள்ளைக்குத் திங்கள் காலை வரை யார் பொறுப்பு? கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு பள்ளியின் சத்துணவு அமைப்பாளர் அக்கா கேட்ட கேள்வி இது. திங்கட்கிழமைகளில் பிள்ளைகள் இரண்டாம் முறை தட்டை நீட்டுவதை அவர் பல வருஷமாகப் பார்த்து வருகிறார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான், சனி ஞாயிறுக்கான சாப்பாட்டை வெள்ளிக்கிழமையே பையில் போட்டுக் கொடுக்க நாங்கள் இறங்கினோம்.

அந்த வீடுகளில் ரேஷன் அரிசி இருக்கும். பொங்கிப் போடத்தான் ஆள் இருக்காது. விடியும் முன்பே அம்மா துறைமுகத்துக்குப் போய் மீன் எடுத்து, கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக விற்றுத் திரும்ப மதியம் தாண்டிவிடும். அதனால் அடுப்பு மூட்ட வேண்டிய எதையும் கொடுப்பதில் பயனில்லை என்று முடிவு செய்தோம். அவல், பொட்டுக்கடலை, வெல்லம், கடலை மிட்டாய், வாழைப்பழம். அவலைத் தண்ணீரில் நனைத்தால் போதும், எட்டு வயசுப் பிள்ளைகூடத் தானே செய்துகொள்ளும். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை யாராவது உண்டா என்று வகுப்பாசிரியர்களிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டோம்.

பணம் பெரிய சிக்கலாக இல்லை. வடலூரில் 1867-ல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகிற மாவட்டம் இது. பிள்ளைகள் பசிக்கு என்று கேட்டால் கடைக்காரர்கள் தருகிறார்கள். அலைச்சல் அனுமதிக்குத்தான். தலைமையாசிரியருக்கு மனசு இருந்தாலும் தனியாக முடிவெடுக்க முடியாது. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்தோம். "சாப்பிட்டு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. உணவுப் பாதுகாப்புச் சட்டம் லாபமில்லாமல் உணவு கொடுப்பவர்களுக்கும் பொருந்தும், அதனால் பதிவுச் சான்று எடுத்தோம். நாங்கள் எடுத்தபோது கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டார்கள். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். அவர்களே கேட்டு எழுதிய பிறகுதான் காகிதம் நகர்ந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் இந்தக் குழுவிடம் போங்கள்.

நன்கொடையாளர் ஒருவர் ஏழைப் பிள்ளைகளின் பட்டியலும், பை வாங்கும்போது எடுத்த படமும் கேட்டார். மறுத்துவிட்டோம். அவர் பணம் வரவில்லை, பரவாயில்லை. பசிக்கிறது என்பதைப் பத்துப் பேர் முன்னால் நிரூபித்துத்தான் ஒரு பிள்ளை சாப்பிட வேண்டும் என்றால் அந்தச் சாப்பாட்டை நான் கொடுக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பெயரோ முத்திரையோ இல்லாத மஞ்சள் பைகளை வகுப்பு ஓரத்தில் வைத்துவிடுவோம். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம், காரணம் யாரும் கேட்பதில்லை. எல்லோரும் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று சில ஆசிரியர்கள் பயந்தார்கள். அப்படி நடக்கவில்லை. வேண்டாதவர்கள் தாங்களாகவே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

கொஞ்ச நாளிலேயே தெரிந்தது, ஒரு பையை வீட்டில் மூன்று பேர் பகிர்கிறார்கள் என்று. அதே பள்ளியில் ஆறாவது, ஏழாவது படிக்கும் அண்ணன் அக்காக்களுக்குக் காலை உணவு கிடையாது. அதனால் இப்போது ஒவ்வொரு பையையும் ஒரு பிள்ளைக்கு என்றில்லாமல் ஒரு வீட்டுக்கே போதும் அளவில் கட்டுகிறோம்.

மழைக்காலம் வேறு கதை. புயல் எச்சரிக்கை வந்தால் கலெக்டர் பள்ளிக்கு விடுமுறை விடுவார், படகும் கடலுக்குப் போகாது. பள்ளிச் சாப்பாடும் வீட்டு வருமானமும் ஒரே நாளில் நின்றுபோகும். பள்ளி பூட்டியிருக்கும்போது எங்களாலும் உள்ளே போக முடியாது. அதனால் இந்த ஐப்பசியிலிருந்து, குழுவில் இருக்கும் இரண்டு அம்மாக்களின் வீட்டில் மூடி போட்ட தகர டின்களில் அவலும் கடலையும் முன்கூட்டியே வைக்கிறோம். இரண்டுமே குப்பத்துக்குள் இருக்கும் மாடி வீடுகள். தண்ணீர் ஏறினாலும் பிள்ளைகள் நடந்தே போய் வாங்கிக்கொள்ளலாம்.