காக்கையையும் எழுதுங்கள்

நங்கநல்லூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் காலை ஆறேகாலுக்கு நின்று, பதினைந்து நிமிடம் பறவைகளை எண்ணுவது எனக்கு ஏழு வருடப் பழக்கம். தொடங்கிய புதிதில் காக்கை, மாடப்புறா, மைனா மூன்றையும் பட்டியலில் சேர்க்கவே மாட்டேன். தினமும் பார்ப்பதை எழுதி என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம். ஒரு பொங்கல் பறவைக் கணக்கெடுப்பின்போது பெரும்பாக்கம் ஏரிக்கரையில் என் பக்கத்தில் நின்ற பெரியவர் என் கைப்பேசியை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் தெருவில் காக்கையே கிடையாதாம்மா?" என்று கேட்டார்.

அவர் அன்று சொன்னதுதான் இன்றுவரை எனக்குப் பாடம். அடையாளம் தெரிந்த பறவை அத்தனையும் எழுதினால்தான், எழுதாத பறவை அங்கே தென்படவில்லை என்று ஆய்வாளர்களுக்குப் புரியும். ஒரு வட்டாரத்தின் நூறு பட்டியல்களில் முன்பு அறுபதில் இருந்த பறவை இப்போது நாற்பதில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பறவை குறைந்துவருவதற்கான அடையாளம் அது. ஆளுக்கொரு பறவையை விட்டுவிட்டால் இந்தக் கணக்கே நிற்காது. எத்தனை நிமிடம் நின்றோம், எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதும் வேண்டும். மூன்று மணி நேரப் பட்டியலையும் என் பதினைந்து நிமிடத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது அல்லவா?

அன்று ஊசிவால் வாத்துகளை எண்ணவும் கற்றுக்கொடுத்தார். முதலில் பத்து வாத்துகளை ஒன்றொன்றாக எண்ண வேண்டும். அந்தப் பத்து தண்ணீரில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதைக் கண்ணில் பிடித்துக்கொண்டு, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். நான் எழுபதைத் தொட்டபோது சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று கோரைகளுக்கு மேல் தாழப் பறந்து வந்தது. மொத்தக் கூட்டமும் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி, வேறு மூலையில் இறங்கியது. மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினோம்.

இப்படி, பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியல்களைப் பதிவுசெய்யும் ஈபேர்டு (eBird) இணையதளத்தில் சேர்ந்த பட்டியல்களிலிருந்துதான் 2023இல் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை வந்தது. 30,000க்கும் மேற்பட்டவர்கள் அனுப்பிய சுமார் 3 கோடிப் பதிவுகள், 942 வகைப் பறவைகள். சம்பளத்துக்கு ஆள் வைத்து நாடு முழுக்க இதைச் செய்திருக்க முடியுமா? மின்கம்பியில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் பனங்காடை கூடக் குறைந்துவருகிறது என்பதை அந்த அறிக்கைதான் காட்டியது. அதைப் படித்த அன்று எனக்கு மனம் ஆறவில்லை.

சிட்டுக்குருவியின் கதை வேறு. நாடு முழுவதையும் பார்த்தால் அது பெரிதாகக் குறையவில்லை, ஆனால் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைந்திருக்கிறது என்று இதே அறிக்கையின் 2020 பதிப்பு சொன்னது. எங்கள் மாடியில் இந்த ஏழு வருடத்தில் ஒன்றுகூட வந்ததில்லை. இரண்டு தெரு தள்ளி, அரிசிக்கடை வாசலில் நான்கைந்து இருக்கின்றன. மாதம் ஒருமுறை அங்கேயும் போய்ப் பதினைந்து நிமிடம் நிற்கிறேன்.

இன்று காலை மாடியில்: காக்கை 14, மாடப்புறா 9, மைனா 4, பச்சைக்கிளி 6, தேன்சிட்டு 1.