துத்தநாக ஆக்சைடின் பச்சை ஒளி எங்கிருந்து வருகிறது?

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் ரப்பரோடு உறவில்லாத குடும்பம் அரிது. பாட்டி பால்மரம் சீவினார். மாமா கையுறைத் தொழிற்சாலையில் ரப்பர் பாலில் மருந்து கலக்கும் பிரிவில் இருந்தார். அங்கே சேர்க்கும் வெள்ளைப் பொடிகளில் ஒன்று துத்தநாக ஆக்சைடு. கந்தகம் ரப்பர் மூலக்கூறுகளை இணைக்கும் வேலையை அது முடுக்கிவிடுகிறது. பொடி நுண்மையானால் மேற்பரப்பு கூடும், குறைவாகப் போட்டாலும் வேலை நடக்கும், நீர்வாழ் உயிர்களுக்குத் தீங்கான துத்தநாகம் கழிவுநீரில் சேர்வதும் குறையும். அந்த மேற்பரப்பில் என்ன இருக்கிறது என்று அறியவே முதுகலை ஆய்வில் இறங்கினேன்.

துகள் செய்வது எளிது. துத்தநாக அசிடேட்டை எத்தனாலில் கரைத்துக் காரம் சேர்த்துக் கழுவினால் கிடைத்துவிடும். ஐந்து நானோமீட்டர் துகளில் ஏறக்குறைய கால்வாசி அணுக்கள் மேற்பரப்பிலேயே இருக்கின்றன. அங்குள்ள முழுமையடையாத பிணைப்புகளும் ஒட்டிய ஹைட்ராக்சில்களும் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH தொகுதிகள்) எலக்ட்ரானையோ, அது விட்டுச்சென்ற துளையையோ பிடித்து வைத்துக்கொள்ளும். இவற்றைத்தான் மேற்பரப்பு நிலைகள் என்கிறோம்.

புறஊதா ஒளியால் தூண்டினால் இந்தத் துகள்கள் ஒளிரும். அந்த ஒளிர்வு நிறமாலையில் இரண்டு பட்டைகள் வந்தன: புறஊதாவில் 375 நானோமீட்டர் அருகே குறுகியது ஒன்று, 530 அருகே அகன்ற பச்சை ஒன்று. 325 நானோமீட்டர் ஒளியால் தூண்டும்போது 650-இல் ஒரு கூர்முனையும் எழும். அது துகளுடையதன்று, தூண்டும் ஒளியே கருவிக்குள் இரண்டாம் வரிசையில் சிதறி வருவது. வடிகட்டி போட்டால் மறைந்துவிடும்.

பச்சைக்குக் காரணம் ஆக்சிஜன் வெற்றிடம், அதாவது படிகத்தில் ஆக்சிஜன் அணு இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பது, என்று ஒரே வரியில் எழுதி முடிக்கும் கட்டுரைகள் ஏராளம். எனக்கு அது போதவில்லை. ஒளி மேற்பரப்பிலிருந்து வருகிறதா, உள்ளிருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டுமானால், உள்ளே கைவைக்காமல் மேற்பரப்பை மட்டும் மாற்ற வேண்டும். ஒரே தயாரிப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை, துகளின் மேற்பரப்பில் ஒட்டிப் பூச்சாக நிற்கும் டோடெசைல் அமீனில் சற்று நேரம் சூடாக்கினேன். உறிஞ்சல் விளிம்பு (துகள் ஒளியை உறிஞ்சத் தொடங்கும் அலைநீளம்) நகரவில்லை என்பதை முதலில் உறுதி செய்தேன். துகளின் அளவு மாறியிருந்தால் ஒப்பீடே செல்லாது. பச்சை பெருமளவு அடங்கியது, புறஊதாப் பட்டை உயர்ந்தது.

எக்ஸ்-கதிர் பட்டு அணுக்கள் உமிழும் எலக்ட்ரான்களை அளக்கும் எக்ஸ்-கதிர் ஒளிமின் நிறமாலைக்காக இரயிலில் பட்டர்வொர்த் போய், ஃபெரி ஏறிப் பினாங்கு ஆய்வகத்துக்குச் செல்வேன். கார்பன் முகட்டை அளவுகோலாக 284.8 எலக்ட்ரான் வோல்ட்டில் நிறுத்திப் பார்த்தால், ஆக்சிஜன் முகடு 530-இலும் அதன் தோள் 531.5 அருகிலும் தெரியும். அந்தத் தோளையும் வெற்றிடம் என்றே பலர் எழுதுகிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. வெற்றிடம் என்றால் அங்கே அணுவே இல்லை. இல்லாத அணு எப்படி எலக்ட்ரானை உமிழும்? பெரும்பாலும் அது ஹைட்ராக்சில்தான். இந்த முறை மேலுள்ள சில நானோமீட்டர்களை மட்டுமே பார்ப்பதால் ஒட்டியிருக்கும் எதுவும் பெரிதாகத் தெரியும். நம் ஊர் ஈரக்காற்றில், பிற்பகல் மழைக்குப் பிறகு, திறந்து வைத்த பொடி நீரை இழுத்துக்கொள்ளும். அதனால் இரண்டு பங்குகளையும் ஒரே நேரத்தில் உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடிக் கொண்டுபோனேன். வேறு நாட்டில் அளந்த எண்களோடு ஒப்பிடுவதைவிட, என் இரண்டு பங்குகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதையே நான் நம்பினேன். அமீன் பூசிய பங்கில் தோள் சிறுத்திருந்தது. அகச்சிவப்பு நிறமாலையில் 3400 செ.மீ⁻¹ அருகேயுள்ள ஹைட்ராக்சில் பட்டையும் மெலிந்திருந்தது.

மூன்று சான்றுகளும் ஒரே திசையைக் காட்டியதால், பச்சையின் பெரும்பகுதி மேற்பரப்பு ஹைட்ராக்சிலோடு தொடர்புடைய துளைப் பொறியிலிருந்து (துளையைப் பிடித்து வைக்கும் இடத்திலிருந்து) வருகிறது என்று ஆய்வேட்டில் எழுதினேன். வெற்றிடமே இல்லை என்று எழுதவில்லை. பூசிய பங்கிலும் மங்கலான பச்சை எஞ்சியிருக்கிறது. அது உள்ளிருக்கும் குறையாக இருக்கலாம். அடுத்து அதைத் தாழ்ந்த வெப்பநிலையில் அளக்கப் போகிறேன்.