வைக்கிங் சின்னங்களுக்கு வயது என்ன?

டாட்டூ கடைகளில் 'வைக்கிங் திசைகாட்டி' என்று ஒரு சின்னம் நன்றாக ஓடுகிறது. நடுவிலிருந்து எட்டுக் கோடுகள் எட்டுத் திசைக்கும் போகும், ஒவ்வொன்றின் முனையும் ஒவ்வொரு விதம். பெயர் வேக்விசிர். வைக்கிங்குகள் என்ற பழைய ஸ்காண்டிநேவியக் கடலோடிகள் இதைக் கப்பலில் செதுக்கி வைத்திருந்தார்கள் என்று கூடவே ஒரு கதையும் வரும்.

இந்தச் சின்னம் இருப்பது ஹுல்ட் என்ற கையெழுத்துத் தொகுப்பில். ஐஸ்லாந்தின் அகுரேரி ஊரில் கெய்ர் விக்ஃபூசன் என்பவர் அதைத் தொகுத்த ஆண்டு 1860. வைக்கிங் காலமோ 11-ஆம் நூற்றாண்டோடு முடிந்துபோனது. இடையில் கிட்டத்தட்ட 800 ஆண்டுகள். வைக்கிங் காலத்துக் கல், வாள், கப்பல் எதிலும் இது கிடைத்ததில்லை.

அதற்காகக் குப்பையில் போட வேண்டியதும் இல்லை. ஐஸ்லாந்தில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் மந்திரச் சுவடி எழுதும் வழக்கம் இருந்தது. கிறிஸ்தவ ஜெபம், சாலமோன் பெயரில் ஐரோப்பா முழுக்கப் புழங்கிய முத்திரைகள், ஓடின், தோர் என்ற பழைய தெய்வப் பெயர்கள் எல்லாம் ஒரே ஏட்டில் கலந்து கிடக்கும். வேக்விசிர் அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி. அதன் பக்கத்தில் ஹுல்ட் சொல்வதும் ரத்தினச் சுருக்கம்: இதை வைத்திருப்பவர் புயலிலும் மழையிலும், வழியே தெரியாவிட்டாலும், தடம் மாற மாட்டார். எட்டு முனைக்கும் எட்டுத் தத்துவம் என்றெல்லாம் அங்கே ஒரு வரியும் கிடையாது.

ஆகவே மறைபொருள் தேடக் கிளம்புமுன் மூன்று விஷயம் கேட்டுவிட வேண்டும். சின்னம் எந்தப் பொருளின் மேல் இருக்கிறது? அந்தப் பொருளுக்கு என்ன வயது? இந்தப் பெயரையும் விளக்கத்தையும் முதலில் சொன்னது யார்? பெரும்பாலும் மூன்றாவதில்தான் குட்டு உடையும்.

வால்க்நுட்டை எடுத்துக்கொள்வோம், ஒன்றோடொன்று கோத்த மூன்று முக்கோணங்கள். சுவீடனின் கோட்லாந்து தீவிலுள்ள ஸ்டோரா ஹம்மார்ஸ் படக்கல்லில், பலி கொடுப்பது போன்ற காட்சிக்கு மேலே இருக்கிறது. 834-இல் புதைக்கப்பட்ட நார்வேயின் ஒசெபெர்க் கப்பலில் கட்டில் கால் ஒன்றிலும் இருக்கிறது. முதல் இரண்டு கேள்வியிலும் தேறிவிட்டது. பெயர்தான் பிற்காலத்தவர் ஒட்டியது. 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்னோரி, ருங்னிர் என்ற அரக்கனின் இதயம் மூன்று கூர்முனை கொண்ட கல் என்றும், அதே வடிவில் செதுக்கும் குறிக்கு 'ருங்னிரின் இதயம்' என்று பெயர் என்றும் சொல்கிறார். அவர் சொன்ன குறி இதுவாக இருக்கலாம் என்பது ஊகம்.

வரைபவர்கள் சொதப்பும் இடம் ஒன்று உண்டு. பழைய பொருட்களில் இது இரண்டு விதமாக வருகிறது. கோட்லாந்தின் தேங்கல்கோர்டா கல்லில் இருப்பது கை எடுக்காமல் ஒரே கோடாக ஓடும் முடிச்சு. ஸ்டோரா ஹம்மார்ஸில் இருப்பது மூன்று தனித்தனி முக்கோணம். இந்த இரண்டாவது வகையில் கோடுகள் ஆறு இடத்தில் வெட்டிக்கொள்ளும். முதல் முக்கோணம் இரண்டாவதை வெட்டும் இரண்டு இடத்திலும் மேலே போக வேண்டும். அதேபோல இரண்டாவது மூன்றாவதன் மேல், மூன்றாவது முதலாவதன் மேல். இப்படிக் கோத்தால் எந்த ஒன்றை உருவினாலும் மற்ற இரண்டும் தனியே கழன்றுவிடும். ஆறில் ஓரிடத்தில் மேல்-கீழ் மாறினாலும் இந்தக் குணம் போய்விடும். விற்பனைக்கு வரும் டாலர்களில் பாதியை இதை வைத்தே கழித்துவிடலாம்.

தோரின் சுத்தியலில் இந்தச் சிக்கலே இல்லை. 10-ஆம் நூற்றாண்டுக் கழுத்தணிகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. டென்மார்க்கின் லோலாண்ட் தீவில் கொபெலெவ் என்ற இடத்தில் 2014-இல் கிடைத்த ஒன்றில், 'இது சுத்தியல்' என்று ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்தில் பொறித்தே வைத்திருக்கிறார்கள். சந்தேகப் பேர்வழிகள் அன்றும் இருந்தார்கள் போலும்! மின்னல், போர் என்று மட்டும் இதைச் சுருக்குவதும் சரியில்லை. 'எட்டா' என்ற பழைய ஐஸ்லாந்துத் தொகுப்பின் பாடல் ஒன்றில், மணமகளை ஆசீர்வதிக்கச் சுத்தியலைக் கொண்டுவந்து அவள் மடியில் வைக்கச் சொல்கிறார்கள். அதே 10-ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கின் ட்ரெண்ட்கோர்டன் என்ற இடத்தில் மாக்கல் அச்சு ஒன்று புழக்கத்தில் இருந்தது. சிலுவையும் சுத்தியலும் அந்த ஒரே கல்லில் வார்க்கலாம். வாடிக்கையாளர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் கொல்லருக்குக் கல்லா நிறையும்.

இனி ரூன். முதலும் முடிவுமாக அது எழுத்து. பழைய வரிசை 24 எழுத்து. கோட்லாந்தின் கில்வர் கல்லில், சுமார் 400-ஆம் ஆண்டளவில், முழு வரிசையையும் செதுக்கியிருக்கிறார்கள். மரத்தில் வெட்டத் தோதான வடிவம்: படுக்கைக் கோடு மரத்தின் நாரோடு ஓடிக் காணாமல் போகும் என்பதால் செங்குத்தும் சாய்வும் மட்டும். இந்த எழுத்துக்குச் செல்வம், அந்த எழுத்துக்குப் பயணம் என்று ஜோசியப் புத்தகங்கள் சொல்வதன் வேர், எழுத்துகளின் பெயரைச் சொல்லும் இடைக்காலப் பாடல்களில் இருக்கிறது. அந்தப் பாடல்களும் பிந்தைய வரிசைகளுக்கு உரியவை. 24 எழுத்து வரிசைக்குத் தனிப் பாடல் இல்லை. குறி பார்க்க விற்கும் ரூன் பையில் வரும் 25-ஆவது 'வெற்று ரூன்' 1982-இல் ரால்ஃப் பிளம் சேர்த்தது.

மாந்திரீகம் அறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சுவீடனின் ஸ்கோனே பகுதியில் கிடைத்த லிண்ட்ஹோல்ம் எலும்புத் தாயத்தில் 'அ' என்ற எழுத்து மட்டும் வரிசையாக எட்டு முறை வருகிறது, முடிவில் 'அலு' என்ற சொல். வாசிக்கத் தெரிகிறது, பொருள் பிடிபடவில்லை. குறி பார்த்ததற்கும் சாட்சி உண்டு. ரோமானியரான டேசிட்டஸ் ஜெர்மானியரைப் பற்றி 98-இல் எழுதுகிறார்: கனி தரும் மரத்தின் கிளையைத் துண்டுகளாக வெட்டி, குறியிட்டு, வெள்ளைத் துணியில் வீசுவார்கள், பூசாரியோ வீட்டுத் தலைவரோ வானத்தைப் பார்த்தபடி ஒவ்வொன்றாக மூன்றை எடுப்பார், பலன் சரியில்லை என்றால் அதே விஷயத்தை அன்று மறுபடி கேட்கக் கூடாது. அந்தக் குறிகள் ரூன்தான் என்று டேசிட்டஸ் சொல்லவில்லை.

8-ஆம் நூற்றாண்டளவில் வரிசை 16 எழுத்தாகச் சுருங்கியது. கடல், தங்கம் இரண்டுக்கும் ஒரே ககரத்தை எழுதும் நமக்கு இது உடனே பிடிபடும்: க-வுக்கும் அதன் மெல்லொலிக்கும் ஒரே எழுத்து, ட-வும் ப-வும் அப்படியே. உ, ஒ, வ மூன்றுக்கும் ஒன்றுதான். டென்மார்க்கின் யெல்லிங் கல்லில் அரசன் ஹரால்ட் புளூடூத் சுமார் 965-இல் பொறித்ததைப் பாருங்கள். அரசன் என்பதற்கான 'கொனுங்ர்' அங்கே 'குனுக்ர்' என்று நிற்கிறது: ஒ-வுக்கு உ, நடுவில் மூக்கொலி காணோம். தந்தை கோர்மின் பெயர் 'குர்ம்'. கல்லின் ஒரு பக்கம் கிறிஸ்துவின் உருவம், டேனியரைக் கிறிஸ்தவராக்கினேன் என்ற பெருமிதம் வேறு. ரூன் என்றாலே பழைய மதம் என்பவர்களுக்கு இந்தக் கல் போதும். உங்கள் போனில் இருக்கும் புளூடூத் குறியும் இந்த 16 எழுத்து வரிசையின் 'ஹ', 'ப' இரண்டையும் ஒன்றாகக் கட்டியதே.

பெயரை ரூனில் எழுதுவதென்றால் ஒரே வரிசையில் நில்லுங்கள்; 24-ஐயும் 16-ஐயும் கலக்காதீர்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலை மறந்துவிட்டு ஒலியைப் பாருங்கள். 16 எழுத்து வரிசையில் முருகன் ஏழு எழுத்து: ம், உ, ர், உ, க், அ, ன். இரட்டித்த மெய்யை ஒரு முறை போட்டால் போதும், அம்மா மூன்றே எழுத்து. நம்மவர்கள் அதிகம் வழுக்குவது தகரத்தில். ஆங்கிலத்தில் அதை 'டி-எச்' போட்டு எழுதிப் பழகியதால் 'தோர்ன்' என்ற முள் எழுத்தைப் போட்டுவிடுகிறார்கள். அதன் ஒலி நாக்கைப் பல்லிடையே வைத்து ஊதுவது. தமிழ் என்று எழுத டகர எழுத்தே கிட்டத்தில் வரும். ழகரத்துக்கு வழியில்லை, ல-வோ ர-வோ வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

சிலவற்றை மட்டும் தொடாமல் இருப்பது நல்லது. வியன்னாவின் மறைஞான எழுத்தாளர் கைடோ ஃபொன் லிஸ்ட் 1908-இல் தானே ஆக்கிய 18 ரூன்களைப் புத்தகமாக வெளியிட்டார். ஒரு ரூனின் மூன்று கிளை மேல்நோக்கினால் உயிர், கீழ்நோக்கினால் சாவு என்ற விளக்கம் அங்கிருந்து வருகிறது. நாஜிகள் அந்த இரண்டு குறிகளையும் கல்லறைகளில் பிறந்த, இறந்த தேதிகளுக்கு முன்னால் போட்டார்கள். நாஜிகளின் எஸ்.எஸ். படையின் இரட்டை மின்னலும் அந்த 18-இன் வாரிசுதான். ஜெர்மனியில் அதைப் பொதுவில் காட்டினால் குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை கிடைக்கலாம். 'நோர்ஸ் சூரியச் சக்கரம்' என்று விற்கப்படும் பன்னிரண்டு ஆரக்கால் கொண்ட கறுப்புச் சூரியன், ஜெர்மனியின் வெவெல்ஸ்புர்க் கோட்டையில் எஸ்.எஸ். காலத்தில் தரையில் பதித்த அலங்காரம். கறுப்புச் சூரியன் என்ற பெயரே போருக்குப் பிறகு வந்தது.