கறுப்பு டி-ஷர்ட்டுக்கு ஒரு நல்ல வெள்ளை இங்க்

ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்பவர்களை அதிகம் படுத்துவது வெள்ளை இங்க்தான். வெள்ளைத் துணியில் கறுப்பை ஒரே இழுப்பில் அடித்துவிடலாம். கறுப்புத் துணியில் வெள்ளை அப்படி அமையாது. அடியில் இருக்கும் நிறம் தெரியாமல் மூட வேண்டுமென்றால் இங்க்கில் டைட்டானியம் டை ஆக்சைடு நிறைய இருக்க வேண்டும். அது கூடக் கூட இங்க் கெட்டியாகும். இளகலான இங்க் சுலபமாக இறங்கும், ஆனால் மூடாது. நன்றாக மூடும் இங்க் கையை ஒடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒத்துவருவது எது என்று பார்க்கத்தான் சில வெள்ளை பிளாஸ்டிசால் (சூட்டில் வெந்து இறுகும் பிளாஸ்டிக் வகை) இங்க்குகளைச் சிறு டப்பாக்களில் வாங்கிச் சோதித்தேன். நான் கையால் அடிப்பவன். ஆட்டோமேட்டிக் மெஷினில் அடிப்பவர்களுக்கு முடிவுகள் கொஞ்சம் மாறலாம்.

இங்க் தவிர மற்ற எதையும் மாற்றக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். 156 மெஷ் (அங்குலத்துக்கு 156 நூல் உள்ள ஸ்க்ரீன் வலை), 70 ட்யூரோமீட்டர் கடினமுள்ள ஸ்குவீஜி (இங்க்கை இழுக்கும் ரப்பர் பட்டை), ஸ்க்ரீனுக்கும் துணிக்கும் 3 மி.மீ. இடைவெளி. டிசைனில் ஒரு பெரிய முழுக்கட்டம், சில மெல்லிய கோடுகள், பொடி எழுத்துகள். கட்டத்தில் மூடும் திறன் தெரியும், கோடுகளில் இங்க் பரவுகிறதா என்று தெரியும். எல்லா இங்க்கையும் ஒரே கறுப்புப் பருத்தி டி-ஷர்ட்டில் பக்கத்துப் பக்கத்தில் அடித்தேன். தனித்தனியாக அடித்துப் பார்த்தால் எல்லா வெள்ளையும் வெள்ளையாகவே தெரியும். அருகருகே வைத்தால்தான் ஒன்று நீலம் தட்டுவதும் இன்னொன்று பழுப்பு தட்டுவதும் தெரிகிறது.

அடிப்பதற்கு முன்னால் கிளறுவதைக் குறைவாக நினைக்க வேண்டாம். பிளாஸ்டிசால் சும்மா இருந்தால் இறுகும், கிளறினால் இளகும். டப்பாவைத் திறந்ததும் இது தேறாது என்று தோன்றிய ஒரு இங்க், நன்றாகக் கிளறியதும் வழுவழுவென்று இறங்கியது. ஸ்க்ரீனைத் தூக்கும்போது எப்படி விடுபடுகிறது என்பதையும் பார்த்தேன். நூல் நூலாக இழுத்துக்கொண்டு வரும் இங்க் துணியில் சிறு சிறு முனைகளை விட்டுச் செல்கிறது. காய்ந்ததும் தடவினால் உப்புத்தாள் போல இருக்கிறது. சட்டென்று அறுந்து விடுபடும் இங்க் சமமாகப் படிகிறது.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது ஃப்ளாஷ், அதாவது இரண்டு பூச்சுகளுக்கு நடுவே சற்று நேரம் சூடு காட்டுவது. கறுப்புத் துணியில் வெள்ளையை ஒரு முறை அடித்து, ஃப்ளாஷ் காட்டி, மேலே இன்னொரு முறை அடிப்பதுதான் வழக்கம். ஃப்ளாஷில் இங்க் முழுதாக வேகக் கூடாது, விரலில் ஒட்டாத அளவுக்கு இறுகினால் போதும். முழுதாக வெந்துவிட்டால் இரண்டாவது பூச்சு அதன் மேல் சரியாகப் பிடிக்காது. சில இங்க்குகள் இறுகினாலும் சூடு இருக்கும்வரை பிசுபிசுப்பாகவே இருக்கின்றன. இரண்டாவது முறை ஸ்க்ரீனை இறக்கினால் அடிப்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும், பிறகு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். முதல் இழுப்பில் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக மூடிய இங்க்கை இந்தப் பிசுபிசுப்புக்காகவே ஒதுக்கினேன். வரிசையாக நூறு டி-ஷர்ட் அடிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் காத்திருப்பது கட்டுப்படியாகாது.

ஃப்ளாஷுக்குப் பிறகு பருத்தி இழைகள் இங்க்கைத் துளைத்துக்கொண்டு எழுந்து நிற்கும். டெஃப்லான் ஷீட் வைத்து ஒரு முறை அழுத்தித் தேய்த்தால் அவை படிந்துவிடும். இரண்டாவது பூச்சு அதன் பிறகு பளிச்சென்று வருகிறது.

அடுத்தது க்யூர், அதாவது இங்க்கை முழுதாக வேகவைப்பது. சாதாரண பிளாஸ்டிசால் சுமார் 160 டிகிரி செல்சியஸில் வேக வேண்டும், அதுவும் மேலே மட்டுமல்ல, அடிவரைக்கும். இன்ஃப்ராரெட் வெப்பமானித் துப்பாக்கி காட்டுவது மேற்பரப்பின் சூடுதான். வெள்ளை வெப்பத்தை ஓரளவு திருப்பி அனுப்பிவிடும். இரண்டு பூச்சு என்பதால் கனமும் அதிகம். அதனால் கருநிற இங்க்கைவிட அதிக நேரம் கொடுத்தேன். ஆறிய பிறகு துணியை இழுத்துப் பார்த்தேன். விரிசல் விட்டால் வேகவில்லை என்று அர்த்தம். அப்புறம் ஒவ்வொரு அச்சையும் பாதியாக வெட்டி, ஒரு பாதியை எடுத்து வைத்துவிட்டு மறு பாதியைத் திரும்பத் திரும்பத் துவைத்தேன். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் விவாதமே வேண்டாம், எது மங்கியது எது வெடித்தது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பாலியஸ்டர் வேறு விதம். அதன் சாயம் சூட்டில் ஆவியாகி இங்க்குக்குள் ஏறும். சிவப்புப் பாலியஸ்டரில் பருத்திக்கான வெள்ளையை அடித்தால், வேகவைத்து எடுக்கும்போது வெள்ளையாக இருந்து பிறகு ரோஜா நிறமாகலாம். உடனே தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து. சில நாள் வைத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இதற்கென்று சாயத்தைத் தடுக்கும் லோ-ப்ளீட் இங்க்குகள் உண்டு. 130 டிகிரி அளவிலேயே வெந்துவிடும் வகை எனக்கு நன்றாக ஒத்துவந்தது, சூடு குறைந்தால் சாயம் கிளம்புவதும் குறைகிறது. அடித்த துணிகளைச் சூட்டோடு அடுக்காமல் ஆறவிட வேண்டும். அந்த இங்க்கையே பருத்திக்கும் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். சில லோ-ப்ளீட் இங்க்குகள் சில பருத்திச் சாயங்களோடு வினைபுரிந்து, மேலே அடுக்கிய துணியில் டிசைனின் நிழலை வெளிறலாக விட்டுவிடும். அதனால் இரண்டு டப்பா வைத்திருப்பதே நல்லது.

டிஸ்சார்ஜ் இங்க்கும் அடித்துப் பார்த்தேன். அது துணியின் சாயத்தையே வெளுத்து எடுப்பதால் கையில் தட்டுப்படாத மென்மை கிடைக்கிறது. ஆனால் பருத்திக்குத்தான் சரிப்படும், சாயத்தைப் பொறுத்து வெண்மையும் மாறுகிறது. வேகும்போது வாடை கடுமை, நல்ல காற்றோட்டம் இல்லாத இடத்தில் அதைத் தொட வேண்டாம்.

கடைசியில் பருத்திக்கு நான் எடுத்துக்கொண்டது மூடும் திறனில் நடுத்தரமான ஒரு இங்க். இரண்டு இழுப்பில் முழுதாக மூடுகிறது, ஃப்ளாஷுக்குப் பிறகு ஒட்டுவதில்லை, துவைத்த பாதியும் துவைக்காத பாதியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. பாலியஸ்டருக்கும் கலப்புத் துணிக்கும் லோ-ப்ளீட். கலப்புத் துணி புதிதாக வந்தால் மட்டும் ஒன்றை அடித்து, சில நாள் ஓரமாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மீதியைத் தொடுகிறேன்.