குத்துப் பாட்டுக்கு மென்பொருள் போடும் தப்புக் கணக்கு

சென்னையில் டிஜே வேலைக்கு வருபவர்கள் முதலில் சறுக்குவது குத்துப் பாட்டில்தான். பயிற்சிப் பாடங்கள் பெரும்பாலும் ஹவுஸ், டெக்னோ என்ற மேற்கத்திய நடன இசையை வைத்தே நடக்கின்றன. அங்கே தாளத்தின் ஒவ்வொரு அடியும் (பீட்) இரண்டாக, நான்காகப் பிரியும். நம்ம ஊர் டப்பாங்குத்து பெரும்பாலும் மூன்றாகப் பிரியும். ‘தகிட தகிட’ என்று சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும். பாட்டின் வேகத்தைக் கணக்கிடும் டிஜே மென்பொருளுக்குத்தான் தெரிவதில்லை. நிமிடத்துக்கு 130 அடி ஓடும் பாட்டை 97.5 என்று காட்டும். 390 சின்னத் தட்டுகளை மூன்று மூன்றாக எண்ணாமல் நான்கு நான்காக எண்ணுவதால் வரும் கோளாறு இது. அந்த எண்ணை நம்பி, இரண்டு பாட்டின் வேகத்தையும் தானாகவே ஒன்றாக்கும் சிங்க் பொத்தானை அழுத்தினால் ஆடுபவர்களின் கால் பின்னிக்கொள்ளும். பாட்டைக் கேட்டபடி தாளத்துக்கு டேப் (tap) பொத்தானைத் தட்டி எண்ணைத் திருத்துவது, அடிகள் விழும் இடத்தைக் காட்டும் பீட் கிரிட் கோடுகளை முதல் அடியில் நிறுத்துவது எல்லாம் வீட்டிலேயே முடிய வேண்டிய வேலை.

எண் சரியானாலும் 130 ஹவுஸ் மேல் 130 குத்தை 32 அடிக்கு நீட்டிக் கலக்கக் கூடாது. கிக் என்ற கனத்த டிரம் அடி சேரும், ஹை-ஹாட் என்ற சிம்பலும் பறையும் முட்டிக்கொள்ளும். பழைய பாட்டை எக்கோவில் கரைத்துவிட்டு, புதியதை முதல் அடியில் வெட்டி இறக்குவதே சுத்தம்.

80களின் பாடல்களில் வாத்தியக்காரர்கள் சேர்ந்து வாசித்ததால் வேகம் உள்ளுக்குள்ளேயே கூடிக் குறையும். அடுத்த பாட்டுக்கு மாறும் இடத்தில் 4 அடியை லூப்பில், அதாவது திரும்பத் திரும்ப ஓடும்படி, பிடித்துக்கொள்ள வேண்டும். வேகத்தை 6 சதவீதம் ஏற்றினால் சுருதி கிட்டத்தட்ட அரைச் சுரம் ஏறும். சுருதியை மாறாமல் பிடித்து வைக்கும் கீ லாக் போட மறந்தால் எஸ்.பி.பி. குரல் வேறு ஆளுடையதாகிவிடும். இங்கே கூட்டத்துக்கு அந்தக் குரல் மனப்பாடம்.

எப்.எம். வேலை வேறு ரகம். பாட்டு வரிசையை இசைப் பிரிவு முன்பே மென்பொருளில் அடுக்கிவிடும். ஆர்ஜேவின் கை தெரிவது முன்னிசையில்: பாடகர் குரல் தொடங்க 14 நொடி என்று திரை காட்டினால் 13-க்குள் பேச்சு முடிய வேண்டும். பல்லவியின் முதல் சொல்லை விழுங்கினால் நேயர் மன்னிக்க மாட்டார்.

ஈசிஆர் புல்வெளி விருந்துகளில் ‘சவுண்டு ஏத்துங்கணா’ என்ற குரல் ஓயாது. மிக்சரில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒலி கூடுவதைவிட உடைவதுதான் அதிகம்; ஸ்பீக்கரில் கீச்சு ஒலி தரும் ட்வீட்டரும் கருகலாம். பென்டிரைவ் இரண்டு வேண்டும், இரண்டும் ஃபேட்32 என்ற ஃபார்மேட்டில். பழைய டிஜே பிளேயர்கள் எக்ஸ்ஃபேட் என்ற புதிய ஃபார்மேட்டைப் படிக்காது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆகவே உச்சக் குத்தை 9.15-க்கே தொடங்கி, 9.50-க்கு மெலடிக்கு இறங்கினால் கடைசிப் பாட்டு பாதியில் அறுபடாது.