பாட்டி கேட்ட கடுதாசி

முழங்கால் மாத்துற ஒப்பரேஷன்ல வெட்டி எடுக்குற எலும்ப ஆராய்ச்சிக்கு தர சம்மதமான்னு கேட்டு ஃபோர்ம நீட்டுனேன். பாட்டி எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, "லைட் அடிச்சு பாத்துட்டு, இத்தன வருசம் கொழுந்து கூடைய மாட்டிகிட்டு மலை ஏறி இறங்குனதாலதான் தேஞ்சிருக்குன்னு ஒரு கடுதாசி தருவியா புள்ள?"ன்னாங்க. "என்ன ஆகியிருக்குன்னு காட்டும் பாட்டி, எதனாலன்னு காட்டாது"ன்னேன். சரின்னு கையெழுத்து போட்டாங்க.

நான் சொன்னது உண்மைதான். சி.வி. ராமன் 1928ல கண்டுபிடிச்ச சங்கதிதான் எங்க மெஷின், 785 நானோமீட்டர் லேசர அடிச்சா சிதறி வர்ற ஒளியில ரொம்ப கொஞ்சம் மட்டும் அலைநீளம் மாறி வரும், எவ்வளவு மாறியிருக்குங்கறத cm⁻¹ங்கற அளவுல எடுத்து, 960 கிட்ட வந்தா எலும்புல இருக்குற பொஸ்பேட், 1660 கிட்ட வந்தா கொலாஜன்ங்கற புரதம்னு பிரிச்சு பாக்குறோம். காஞ்சா குருத்தெலும்பு மாறிடும்னு சேலைன் விட்டு ஈரமாவே வச்சிருப்போம். பாட்டியோட துண்டுல அதுக்கு அவசியமே இல்லாத மாதிரி ஒரு இடம், தந்தம் கணக்கா வழுவழுன்னு, லேசர வச்சதும் 960ல பெரிய பீக். குருத்தெலும்பு இருக்க வேண்டிய இடத்துல வெறும் எலும்பு, அது மேலதான் நடந்திருக்காங்க.

வயசு, உடம்பு எடை, பரம்பரை, பழைய அடின்னு எதுல தேஞ்சாலும் கடைசியில கிராஃப் இப்படித்தான் வரும், அதனால கடுதாசி தர முடியாது. ஆனா பாரம் தூக்குற, குந்தி எந்திரிக்கிற வேலைக்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் சம்பந்தம் இருக்குன்னு நெறைய ஆய்வுல வந்திருக்கே, அத ஏன் நான் சொல்லல? அது ஆயிரக்கணக்கான ஆளுங்கள வச்சு போட்ட கணக்கு, ஒருத்தரோட முழங்காலுக்கு சாட்சி ஆகாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன். நியாயம்தான். ஆனா எங்கம்மாவும் மலைக்கு போனவங்க, காலு வலின்னு பாதியில வந்தா அரைப்பேருதான், அரை நாள் சம்பளம். பாட்டி கேட்டது சயன்ஸ் இல்லன்னு எனக்கு தெரியாமலா இருந்துச்சு?

இப்பெல்லாம் ஃபோர்ம நீட்டுறதுக்கு முன்னாடியே, இதுல எந்த கடுதாசியும் கிடைக்காதுன்னு சொல்லிடுறேன். இப்படி சொன்னா சாம்பிள் கொறையும்னு சேர் சொல்றாரு, அவரு சொல்றதும் தப்பில்ல, போன மாசம் ஒரு ஐயா கேட்டுட்டு, "அப்ப எதுக்கு தம்பி எங்க எலும்பு?"ன்னுட்டு ஃபோர்ம திருப்பி தந்துட்டாரு.