எதிர்வீட்டு விருத்தம்

கனடா வந்த புதிதில் ஸ்காபரோவில் சித்தி வீட்டு பேஸ்மென்ட்டில் இருந்தேன். அப்புறம் வேலைக்குக் கிட்ட என்று ரொறொன்ரோவின் வடக்கே, ஃபிஞ்ச் சப்வே பக்கம் அபார்ட்மென்ட் எடுத்தேன். "தமிழ்க் கடை இல்லாத இடத்தில என்ன செய்யப் போறாய்?" என்று சித்திக்குக் கவலை. ஆனால் யங் வீதி நெடுக ஈரானியர் கடைகள். அரிசி, வெந்தயக்கீரை, கொத்தமல்லி எல்லாம் கிடைத்தன. கறித்தூளுக்கு மட்டும் ஸ்காபரோ போவேன்.

எதிர்வீட்டு அம்மா தெஹ்ரான்காரர். ஒருநாள் அவர் வீட்டிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. தாளமில்லாமல் அந்தக் குரல் ஒரு வரியைப் பாடி நிறுத்த, தார் என்ற நரம்பு வாத்தியம் அதையே திருப்பிச் சொன்னது. அட, விருத்தம்! அவர்கள் இதை ஆவாஸ் என்கிறார்கள். ஆனால் நம் கமகத்தில் குரல் வழுக்கிப் போகும். இவர்களின் தஹ்ரீரில் தொண்டைக்குள் சின்னச் சின்னதாக உடைந்து உடைந்து ஓடும். முதலில் எனக்கு அது அழுகைபோலத்தான் கேட்டது. பழகப் பழக அதற்காகவே காத்திருக்கத் தொடங்கினேன்.

அது ஒலிப்பதிவு. பாடியவர் பரீசா என்ற ஈரானியப் பாடகி. 1950இல் பிறந்தவர், இசையாசிரியர் மஹ்மூத் கரீமியின் மாணவி. 1970களில் ஷிராஸ் கலை விழாவில் பாடிப் பெயர் வாங்கியவர். 1979 ஈரான் புரட்சியோடு மேடை போய்விட்டது. ஆண்கள் இருக்கும் சபையில் பெண் தனித்துப் பாடக் கூடாது என்றாகிவிட்டது. பெண்கள் மட்டும் உள்ள சபையிலோ, பிற குரல்களோடு சேர்ந்தோ பாடலாம். கமர் என்ற பாடகி 1924இல் தெஹ்ரான் கிராண்ட் ஹோட்டலில் முக்காடு இல்லாமல் பாடிய நாடு அது. பரீசா 1990களில் வெளிநாட்டு மேடைகளில் மறுபடி பாடினார். அவரிடம் சிறுவயதில் கற்ற செபீதே ரயீஸ்சாதாத் பின்னர் இதே ரொறொன்ரோவின் பல்கலைக்கழகத்தில் இசை ஆய்வு செய்தார். மேடையைப் பூட்டலாம், பாடம் சொல்லிக் கொடுப்பதைப் பூட்டுவது அவ்வளவு சுலபமில்லைப் போல.

எதிர்வீட்டம்மாவும் அப்படிக் கற்றவர்தான். ஜன்னல்களைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டுத்தான் வகுப்பு நடக்குமாம். இங்கே கதவைத் திறந்துவைத்துப் பாடுகிறார். கட்டிட நிர்வாகம் 'சத்தம் அதிகம்' என்று கடிதம் கொடுத்தது. அதை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்துச் சிரித்துக் காட்டுகிறார். இங்கே கடிதத்தோடு போய்விடும்.

2024 டிசம்பரில் பரஸ்தூ அஹ்மதி ஈரானில் ஒரு பழைய சத்திரத்தின் முற்றத்தில், முக்காடு இல்லாமல், எதிரே ஒரு ரசிகர்கூட இல்லாமல் பாடி யூடியூபில் ஒளிபரப்பினார். சில நாட்களில் கைது, பிறகு விடுதலை. உடுப்புத் தோய்க்கும் அறையில் வைத்து அந்தம்மா எனக்கு போனில் அதைப் போட்டுக் காட்டினார். கைதைப் பற்றி நான் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு வீடியோவைப் பின்னுக்கு இழுத்து, "இந்த இடத்தில் மூச்சை எங்கே எடுக்கிறாள், கவனி" என்றார்.